கொட்டிலில் பைபர் படகு திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சல்லி, சாம்பல்தீவு, குச்சவெளி, மூதூர் என்று திருகோணமலையின் கரையோர ஊர்களில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில், அதற்குள் கவிழ்த்துப் போட்ட பைபர் படகு என்பது பழகிய காட்சி. வாடை தொடங்கிக் கடல் குழம்பியதும் படகைக் கரையேற்றி, அடிப்பக்கத்து வெடிப்பையும் உராய்வையும் வீட்டிலேயே திருத்திவிடுவார்கள். வேலை பழகக்கூடியதுதான். ஆனால் பெற்றோல் கானுக்குப் பக்கத்தில் பீடி பற்றவைக்காத ஆட்கள்கூட, தட்டில் இருக்கும் சின்ன ஹார்ட்னர் போத்தலைத் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைப் போலக் கையாளுகிறார்கள். அந்தக் கொட்டிலில் அதிகக் கவனம் வேண்டியது அந்தப் போத்தலுக்குத்தான்.

ஹார்ட்னர் என்று கடையில் தருவது மெத்தில் எத்தில் கீட்டோன் பெரொக்சைட்; பைபரை ஒட்டும் பசையான ரெசினை இறுகவைப்பது இதுதான். பார்க்கத் தண்ணீர் போல இருக்கும். கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் பார்வை நிரந்தரமாகப் போகலாம். சாதாரணக் கண்ணாடி இதற்குப் போதாது. பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் மூடியையே திறக்க வேண்டும். கைக்கு எட்டும் தூரத்தில் குழாயோ ஒரு வாளி நல்ல தண்ணீரோ இருக்கட்டும். தெறித்துவிட்டால் இமையைப் பிரித்துப் பிடித்து, உடனேயே தண்ணீர் விட்டு, குறைந்தது 20 நிமிடம் விடாமல் கழுவுங்கள். அந்த நேரத்தில் இன்னொருவர் 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் கேட்கட்டும். கழுவாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது தவறு. கண் பழுதாவது அந்த முதல் நிமிடங்களில்தான்.

கண்மதிப்பில் ஊற்றுவது

ரெசினின் எடையில் 1 முதல் 2 சதவீதம் வரைதான் ஹார்ட்னர். ஒரு கிலோவுக்கு 10 கிராம் என்றால் ஏறத்தாழ 9 மில்லிலீற்றர்; 20 கிராம் என்றால் 18 மில்லிலீற்றர் அளவு. போத்தல் மூடியால் அளப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் கையில் தெரியாது. பாமசியில் வாங்கும் 10 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் சிரிஞ்சை ஊசி இல்லாமல் பயன்படுத்துங்கள். தகர மூடி, பித்தளைக் கரண்டி, துருப்பிடித்த டின் எதுவும் ஹார்ட்னரைத் தொடக்கூடாது. இரும்பும் செம்பும் பட்டால் அது தானாகவே சிதையத் தொடங்கும்.

கச்சான் அடிக்கிற மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே 35 பாகைக்கு மேல் போகும். அப்போது 1 சதவீதமே போதும். 2 சதவீதம் விட்டால் தூரிகையை எடுப்பதற்குள் வாளியிலேயே கட்டிபட்டுவிடும். மழைக்காலத்தில் இதற்கு எதிர்த்தவறு நடக்கும். காயவில்லை என்று 3, 4 சதவீதம் ஊற்றுவார்கள். மேலே இறுகும், ஆனால் மிஞ்சிய ஹார்ட்னர் உள்ளே தங்கி ஒட்டுப் பலவீனப்படும். 1 சதவீதத்துக்குக் கீழே போனால் எத்தனை நாள் விட்டாலும் முழுதாக இறுகாது. எந்தப் பருவமானாலும் முதலில் 100 கிராம் கலந்து, கட்டிபட எத்தனை நிமிடம் என்று பார்த்துவிட்டு அளவைத் தீர்மானியுங்கள்.

கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் ஒன்றாகக் கலப்பது

எல்லாவற்றிலும் கொடியது இது. ரெசின் இறுகுவதை விரைவாக்கும் ஊதா நிறக் கோபால்ட் திரவமும் ஹார்ட்னரும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இப்போது விற்கும் ரெசினில் பெரும்பாலும் கோபால்ட் முன்கூட்டியே கலந்திருக்கும். வாங்கும்போது கேட்டு உறுதிசெய்யுங்கள். தனியாகத் தந்திருந்தால், முதலில் கோபால்ட்டை ரெசினில் விட்டு நிறம் ஒரே சீராகும் வரை கிளறுங்கள். அதற்குப் பிறகு, வேறு சிரிஞ்சால், ஹார்ட்னர். இரண்டு போத்தல்களும் ஒரே தட்டிலோ ஒரே பெட்டியிலோ இருக்கக்கூடாது.

ஹார்ட்னரை அசிட்டோன் விட்டு நீர்க்கச் செய்வதும், போத்தலில் வந்ததைச் சோடாப் போத்தலுக்கு மாற்றுவதும் அதே வரிசைத் தவறுகள். கடைப் போத்தலின் மூடி உள்ளே சேரும் வாயுவை வெளியே விடும்படி செய்யப்பட்டது; இறுக்கி மூடிய வேறு போத்தல் வீங்கி வெடிக்கலாம். சோடாப் போத்தலில் இருந்தால் பிள்ளை குடித்துவிடும் ஆபத்தும் உண்டு. சிந்தினால் மரத்தூளோ பழந்துணியோ போட்டுத் துடைக்காதீர்கள். அவை சூடேறித் தானாகப் பற்றும். ஈர மணலைப் போட்டு ஒற்றி எடுத்து, நிறையத் தண்ணீர் விட்டு, கொட்டிலுக்கு வெளியே கொண்டுபோங்கள்.

தேவைக்கு மேல் கலப்பது

ரெசினில் நனைத்து ஒட்டும் கண்ணாடி இழைப் பாயில், சதுர மீற்றருக்கு 450 கிராம் வகையை எடுத்தால், ஒரு அடிச் சதுரமான துண்டு ஏறத்தாழ 42 கிராம் எடை. அதற்கு இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின், அதாவது 85 முதல் 105 கிராம் வரை, போதும். மூன்று அடுக்குக்கும் 300 கிராம். இந்தக் கணக்கைப் போடாமல் ஒரு கிலோவைக் கலந்துவிட்டு, மிச்சத்தை வாளியிலேயே வைத்துவிட்டுச் சாப்பிடப் போவது கொட்டில் தீக்கு வழி. ரெசின் இறுகும்போது சூட்டை வெளிவிடும். மெல்லிய அடுக்காக இருந்தால் சூடு போய்விடும். வாளியில் ஆழமாக இருந்தால் சூடு சூட்டைக் கூட்டி, புகைந்து, பிளாஸ்டிக் வாளியையே உருக்கும். மிஞ்சியதைத் தட்டையான தகரத்தில் மெல்லியதாகப் பரப்பி, வெளியே மணலில் வைத்து, ஆறிய பிறகே குப்பையில் போடுங்கள். இதே காரணத்தால்தான் படகிலும் மூன்று, நான்கு அடுக்குக்கு மேல் ஒரே மூச்சில் போடக்கூடாது.

ரெசினிலிருந்து வரும் ஸ்டைரீன் ஆவி காற்றைவிடக் கனமானது. அசிட்டோன் ஆவியும் அப்படியே. நிமிர்த்தி வைத்த படகின் உள்ளே குனிந்து வேலை செய்கிறவர் அந்த ஆவிக் குளத்துக்குள் தலையை வைத்திருக்கிறார். தலை சுற்றினால் வெயில் என்று நினைத்துவிடாமல் வெளியே வாருங்கள். கொரோனாக் காலத்து முகக்கவசம் தூசிக்குக்கூட அரைகுறைதான், ஆவிக்கு எதுவுமே செய்யாது. சேதன ஆவிக்கான வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும். ஐரோப்பியத் தர வடிகட்டியில் மண்ணிறப் பட்டை இருக்கும். அசிட்டோன் 0 பாகைக்குக் கீழேயே பற்றக்கூடிய ஆவியைக் கொடுக்கும் என்பதால், கிரைண்டர் பொறியும் அசிட்டோன் டின்னும் ஒரே நேரத்தில் கொட்டிலில் இருக்கக்கூடாது. கை கழுவவும் அது வேண்டாம், சோப்பும் தண்ணீரும் போதும்.

நாலு அங்குலக் கிரைண்டரில் ஏழு அங்குல டிஸ்க்

பழைய பைபரைச் சீவும்போது இந்தத் தவறை அடிக்கடி காணலாம். டிஸ்க்கை மறைக்கும் காப்பைக் கழற்றிவிட்டுப் பெரிய டிஸ்க்கை மாட்டுவார்கள். நாலு அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்று ஓடும். 100 மில்லிமீற்றர் டிஸ்க்கின் ஓரம் அப்போது செக்கனுக்கு 58 மீற்றர் வேகத்தில் போகிறது. அதிலேயே 180 மில்லிமீற்றர் டிஸ்க்கைப் போட்டால் 104 மீற்றர். டிஸ்க்கில் அச்சிட்டிருக்கும் எல்லை பொதுவாக 80 மீற்றர். அதை மீறினால் டிஸ்க் துண்டு துண்டாகச் சிதறும். தடுக்கக் காப்பும் இல்லை. வெட்டும் டிஸ்க்கின் நடு வளையத்தில் காலாவதித் திகதியும் இருக்கும். கடற்காற்றில் ஈரம் குடித்த பழைய டிஸ்க்கை நம்பவேண்டாம்.

சீவும் அளவும் முக்கியம். ஓட்டையின் மேல் வெறுமனே பாயை ஒட்டினால் முதல் கடலிலேயே உரியும். தடிப்பைப் போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகச் சீவ வேண்டும்: 6 மில்லிமீற்றர்த் தடிப்புக்கு ஓட்டையைச் சுற்றி 72 மில்லிமீற்றர். அதற்கு முன்பே உப்பு போகுமட்டும் நல்ல தண்ணீரால் கழுவி, நன்றாக உலர விடுங்கள். வாடை மழைக்குள் அவசரப்பட்டு ஈரப் பைபரில் ஒட்டியது நிற்காது. கிரைண்டரையும் மின்விசிறியையும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் உள்ள இணைப்பிலேயே போடுங்கள். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

பெற்றோல் தாங்கியையோ எண்ணெய்ப் பீப்பாவையோ வெட்டவும் வெல்டிங் செய்யவும் வீட்டில் முயலவேண்டாம். வெறுமையான தாங்கி நிறைந்ததைவிட ஆபத்தானது. பெற்றோல் ஆவி காற்றில் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும்; தண்ணீர் விட்டு அலசியதால் அது போய்விடாது.

கடைசியாக, நம் மாவட்டத்துக்கே உரிய ஒன்று. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் குண்டுவீசித் தாக்கின. அதற்குப் பிறகு நம் காலத்து யுத்தமும் வந்துபோனது. தோட்டத்தில், வலையில், பழைய இரும்போடு தோட்டாவும் ஷெல்லும் வருவது இன்றும் நடக்கலாம். பித்தளைக்காகவும் அலங்காரத்துக்காகவும் அதைக் கொட்டிலுக்குக் கொண்டுவந்து வைஸில் பிடித்து, அறுத்து, துளைத்துப் பார்ப்பது உயிரைப் பறிக்கும் தவறு. துருப்பிடித்ததால் வெடிமருந்து செத்துவிடாது. பழசாகும்போது சில வகை மருந்து இன்னும் எளிதில் வெடிக்கும். வெளிநாடுகளில் உரிமத்தோடு வேட்டைத் தோட்டாவை வீட்டில் மீள்நிரப்புகிறவர்கள்கூட யார் நிரப்பியதென்று தெரியாத தோட்டாவைத் தொடுவதில்லை. இங்கே உரிமமில்லாமல் வைத்திருப்பதே குற்றம். கண்ட இடத்திலேயே விட்டு, தூரத்தில் ஒரு தடியை நட்டு அடையாளம் வைத்து, பிள்ளைகளை அப்புறப்படுத்தி 119க்குச் சொல்லுங்கள். வலையில் வந்திருந்தால் இழுக்காமல், அந்த இடத்தில் வலையை அறுத்துவிடுங்கள். படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவர வேண்டாம்.