பேஸ்மெண்ட்ல வாடகைக்கு இருக்கீங்களா? எலக்ட்ரிக் கார் வாங்குறதுக்கு முன்னாடி இதை படிங்க

கனடாவுல டொரன்டோ வந்து இறங்குனதும் சின் நம்பர் (வேலைக்குச் சேர வேண்டிய அரசாங்க எண்), பேங்க் அக்கவுண்ட், டிரைவிங் லைசென்சுக்கான ஜி1 எழுத்து டெஸ்ட் இதெல்லாம் எல்லாரும் சொல்லிக் குடுத்துடுவாங்க, வரிசையா முடிச்சிருங்க. நான் சொல்ல வந்தது கார் விஷயம்.

புகைன்னு பாத்தா இங்க சந்தேகமே வேண்டாம், எலக்ட்ரிக் தான். டொரன்டோ இருக்கற ஒன்டாரியோ மாகாணம் 2014லயே நிலக்கரி கரண்டை நிறுத்திடுச்சு, ஏறக்குறைய பாதி அணுமின்சாரம், அதுக்கடுத்து நீர்மின்சாரம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு, 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடிக்கிற வண்டின்னா 18 கிலோ. பேட்டரி செய்யுறப்ப கூடுதலா புகை வர்றது உண்மைதான், ஆனா இந்த கரண்ட்ல ஓட்ட ஓட்ட அது ஈடாயிடும்.

செலவு மட்டும் நீங்க எங்க சார்ஜ் போடுறீங்கங்கறதைப் பொறுத்தது, நான் மாட்டுனதும் அங்கதான். டொரன்டோவோட கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோல ஒரு பேஸ்மெண்ட்ல இருந்தோம், வீட்டுக்காரர்கிட்ட கேட்டப்ப "தாராளமா போட்டுக்கங்க தம்பி"ன்னார், நம்ம ஊர்ல பெரியவங்க ஒரு வார்த்தை சொன்னா போதுமே, அதை நம்பி பழைய எலக்ட்ரிக் கார் எடுத்துட்டேன். டிசம்பர்ல அதே லைன்ல ஹீட்டரும் ஓட பிரேக்கர் விழ ஆரம்பிச்சுது, ஜனவரில பில்லைப் பாத்துட்டு இனிமே போடாதீங்கன்னுட்டார். என் செலவுலயே 240 வோல்ட் சார்ஜர் வைக்கிறேன்னேன், வீட்டோட மெயின் கரண்ட் பேனல் 100 ஆம்ப் தான், தாங்காதுன்னார். ராத்திரி 11 மணிலேர்ந்து காலை 7 வரைக்கும் ரொம்ப மலிவா கரண்ட் தர்ற பிளான் 2023லேர்ந்து இருக்கு, ஆனா மீட்டர் அவர் பேர்ல இருக்கறப்ப நாம எப்படி மாத்துறது?

மிச்ச குளிர்காலம் முழுக்க வெளியில ஃபாஸ்ட் சார்ஜர் தான். யூனிட் 60 சென்ட்டுக்கு மேல, மைனஸ் 18 குளிர்ல 100 கிலோமீட்டருக்கு 27 யூனிட் இழுத்துச்சு, அதாவது 16 டாலருக்கு மேல. ஃப்ரெண்டோட பெட்ரோல் கார் அதே தூரம் 13 டாலர்ல போயிட்டு வந்துச்சு. சார்ஜர் வரிசைல கைக்குழந்தையை மடில வச்சுட்டு என் மனைவி ஒரு மணி நேரம் உக்காந்திருந்ததை நெனச்சா இன்னும் மனசு ஆறல.

அதனால எந்த பிளக், மாசம் எவ்ளோ, எல்லாத்தையும் வாடகை ஒப்பந்தத்துலயே எழுதி வாங்குங்க. எழுதித் தரலைன்னா பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓடுற ஹைபிரிட் எடுங்க. பழைய எலக்ட்ரிக் கார்ல ஹீட் பம்ப் (கம்மி கரண்ட்ல கார் உள்ளே சூடாக்குற கருவி) இருக்கா, பேட்டரி வாரண்டி (பெரும்பாலும் 8 வருஷம், 1,60,000 கிலோமீட்டர்) எவ்ளோ மிச்சம்னு கேளுங்க. விண்டர் டயர் போட்டா இன்சூரன்ஸ்ல தள்ளுபடி உண்டு, நாமதான் கேட்டு வாங்கணும்.

இப்ப எங்க பேர்லயே மீட்டர் உள்ள வீட்ல இருக்கோம். அதே கார், அதே 27 யூனிட், ராத்திரில போட்டா ரெண்டு டாலர் கிட்டதான் ஆகுது.