செர்மாட்டுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: ரயில், கார், கேபிள் கார் எல்லாம் படிப்படியாக

சுவிட்சர்லாந்துக்குப் போகத் திட்டம் போடுகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது செர்மாட் பற்றித்தான். மேட்டர்ஹார்ன் சிகரத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். எப்படிப் போவது, எத்தனை ரயில் மாற வேண்டும், குழந்தைகளையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு சமாளிக்க முடியுமா? தாராளமாக முடியும். ஒரு விஷயத்தை மட்டும் முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில், ஒரு குறுகிய பள்ளத்தாக்கின் கடைக்கோடியில் இருக்கிறது இந்த ஊர். உள்ளே போக ஒரே ரயில் பாதை, ஒரே சாலை. எங்கிருந்து கிளம்பினாலும் பள்ளத்தாக்கின் வாயிலில் இருக்கும் ஃபிஸ்ப் என்ற சிறிய ஊரைத் தொட்டுத்தான் மேலே ஏற வேண்டும். அதனால் திட்டத்தை அங்கிருந்து போடுங்கள்.

படி 1: ஃபிஸ்ப் வரை வருவது

சூரிச் பிரதான நிலையத்திலிருந்து பெர்ன் வழியாக ஃபிஸ்ப்புக்கு நேரடி ரயில் இருக்கிறது. சுமார் இரண்டு மணி நேரம். ஜெனீவா விமான நிலையத்திலிருந்தும் நேரடி ரயில் உண்டு. ஏரிக்கரையை ஒட்டி லோசான், மோன்த்ரோ வழியாக வரும், கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். சூரிச் விமான நிலையத்தில் இறங்கி செர்மாட் போய்ச் சேர மொத்தம் மூன்றரை மணி நேரம், ஜெனீவாவிலிருந்து நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பயணக் குறிப்புகளில் 'பிரிக் நிலையத்தில் மாறுங்கள்' என்று எழுதியிருக்கும். 2007இல் 34.6 கிலோமீட்டர் நீளமுள்ள லோட்ச்பெர்க் அடிவாரச் சுரங்கம் திறக்கப்பட்ட பிறகு, வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கு ஃபிஸ்ப்தான் முதலில் வருகிறது. இத்தாலியின் மிலானிலிருந்து சிம்ப்ளான் சுரங்கம் வழியாக வருகிறவர்களுக்கு பிரிக்தான் முதலில் வரும். அவர்கள் அங்கேயே மாறிக்கொள்ளலாம். செர்மாட் ரயில் பிரிக்கிலிருந்து கிளம்பித்தான் ஃபிஸ்ப்புக்கு வருகிறது. கூட்டமான நாட்களில் பிரிக்கில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று. எழுத்தில் 'வி'யில் தொடங்கினாலும், ஜெர்மன் அறிவிப்பில் இந்த ஊரின் பெயர் 'ஃபிஸ்ப்' என்றுதான் ஒலிக்கும். ஜெனீவா பக்கமிருந்து வந்தால் பிரெஞ்சு அறிவிப்பும் வரும். அதில் இதே ஊர் 'வியேஜ்'. முதல்முறை நான் அந்தப் பெயரைக் கேட்டபோது, அது ஏதோ நடுவில் வரும் வேறு ஊர் என்று நினைத்து உட்கார்ந்தே இருந்தேன். ஜன்னல் வழியாகப் பெயர்ப்பலகையைப் பார்த்த பிறகுதான் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடினேன். உங்களுக்கு அந்தப் பதற்றம் வேண்டாம்.

படி 2: டிக்கெட்

சுவிஸ் ரயில்வேயின் எஸ்.பி.பி. ஆப்பில் கிளம்பும் இடத்தையும் 'செர்மாட்' என்பதையும் போட்டால், வழி முழுவதற்கும் ஒரே டிக்கெட் கிடைக்கும். தனித்தனியாக வாங்க வேண்டியதில்லை. பல ஊர்களைச் சுற்றப் போகிறீர்கள் என்றால் சுவிஸ் டிராவல் பாஸ் வசதியானது. செர்மாட் வரை அது செல்லும். ஆனால் மலை உச்சிக்குப் போகும் ரயில்களுக்கும் கேபிள் கார்களுக்கும் அந்தப் பாஸ் அப்படியே செல்லாது, கட்டணத்தில் சலுகைதான் கிடைக்கும். இது தெரியாமல் பட்ஜெட் போட்டு அங்கே போய் விழிக்கிறவர்கள் நிறையப் பேர்.

படி 3: ஃபிஸ்ப்பில் மாறுவது

பலர் பயப்படுவது இதற்குத்தான். இணைப்பு ரயிலுக்கு இருப்பது சில நிமிடங்களே. ஆனால் அந்த நிமிடங்கள் யோசித்து வைக்கப்பட்டவை. பெரிய ரயில் வந்து நிற்கும், அதில் வந்தவர்கள் ஏறுவதற்கென்றே மலை ரயில் காத்திருக்கும். ஃபிஸ்ப் வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பே பெட்டிகளை எடுத்துக்கொண்டு கதவருகே வந்துவிடுங்கள். இறங்கியதும் நடைமேடைக்கு அடியில் போகும் வழியில் இறங்கி, 'செர்மாட்' என்று காட்டும் பலகையைப் பின்தொடருங்கள். மலை ரயில் சிவப்பு நிறம், தண்டவாளம் அகலம் குறைந்தது, பார்த்ததுமே தெரிந்துவிடும். தவறவிட்டாலும் பெரிய விஷயமில்லை. பகலில் அடுத்த ரயில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். சாதாரண டிக்கெட்டே அதற்கும் செல்லும்.

படி 4: மலை ஏறும் ஒரு மணி நேரம்

ஃபிஸ்ப் சுமார் 650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பயணத்தில் ஏறக்குறைய 950 மீட்டர் மேலே ஏறுகிறோம். 1891இல் திறக்கப்பட்ட பாதை இது. செங்குத்தான இடங்களில் தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட இரும்புச் சட்டம் பதித்திருப்பார்கள். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். அந்த இடம் வரும்போது வண்டி மெதுவாகும், காலுக்கடியில் ஒரு சின்ன அதிர்வு வரும், அப்புறம் 'கரகர'வென்ற சத்தம் சீராகத் தொடரும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயிலில் போனவர்களுக்கு இந்தச் சத்தம் புதிதல்ல. இரண்டு பாதைகளிலும் இருப்பது சுவிஸ் பொறியாளர் ரோமன் அப்ட் உருவாக்கிய பல்சட்ட முறைதான். நீலகிரி ரயிலின் பழைய எக்ஸ் ரக நீராவி எஞ்சின்களும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்யப்பட்டவையே. நீலகிரியில் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம் என்றால், இங்கே சில இடங்களில் 8 அடிக்கு ஓர் அடி. ஜன்னலுக்குக் கீழே ஆறு ஓடிக்கொண்டே வரும். பனிப்பாறை அரைத்த கல்மாவு கலந்திருப்பதால் கோடையில் அது சாம்பல் கரைத்த பால் போல இருக்கும். ஃபோனை வைத்துவிட்டு இந்த ஒரு மணி நேரத்தை ஜன்னலுக்குக் கொடுங்கள்.

படி 5: காரில் வந்தால்

டேஷ் என்ற ஊர் வரைதான். செர்மாட்டுக்கு 5 கிலோமீட்டர் முன்பாகவே பொது வாகனங்களுக்கான சாலை முடிந்துவிடும். அதற்கு மேல் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டும். டேஷ் ரயில் நிலையத்தோடு சேர்ந்தே 2,100 கார்கள் நிற்கும் மூடிய நிறுத்தம் இருக்கிறது. பகலில் 20 நிமிடத்துக்கு ஒரு ரயில், 12 நிமிடப் பயணம். பெட்டிகளைத் தள்ளுவண்டியில் வைத்து அப்படியே ரயிலுக்குள் தள்ளிக்கொண்டு போகலாம். வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: செர்மாட்டில் தங்கும் நாட்களில் கார் டேஷில் சும்மா நிற்கும், வாடகையும் நிறுத்தக் கட்டணமும் ஏறிக்கொண்டே இருக்கும். செர்மாட் மட்டும்தான் திட்டம் என்றால் ரயிலே மேல்.

படி 6: ஊருக்குள்

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிர்ப்படுவது, பெட்டி போல உயரமும் ஒடுக்கமுமான மின்சார வண்டிகள். உள்ளூர்ப் பட்டறைகளிலேயே செய்யப்படுபவை இவை. டாக்ஸி, பேருந்து, விடுதி வண்டி எல்லாமே மின்சாரம்தான். சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்கும், குழந்தைகளின் கையை விடாதீர்கள். விடுதியில் முன்பே கேட்டுக்கொண்டால் சிலர் நிலையத்துக்கே வண்டி அனுப்புவார்கள். பெட்டி குறைவு என்றால் நடந்தே போய்விடலாம், ஊர் அவ்வளவுதான்.

படி 7: மேலே போக

கோர்னர்கிராட் என்ற மலைமுகட்டுக்குப் போகும் ரயிலின் நிலையம், பிரதான நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. 1898 முதல் மின்சாரத்தில் ஓடும் பல்சக்கர ரயில் இது. 33 நிமிடத்தில் 3,089 மீட்டருக்குக் கொண்டுபோய் விடும். முதல்முறை போகிறவர்கள், வயதானவர்கள், குழந்தைகளோடு போகிறவர்கள் எல்லாருக்கும் நான் சொல்வது இதைத்தான். படிப்படியாக ஏறுவதால் உடம்பும் பழகிக்கொள்ளும்.

ஊருக்கு மேலே இருக்கும் சுன்னெகா என்ற இடத்துக்கு மலைக்குள்ளேயே செல்லும் சுரங்க ரயில் சில நிமிடங்களில் போய்விடும். க்ளைன் மேட்டர்ஹார்ன் (மேட்டர்ஹார்ன் அல்ல, வேறொரு சிகரம்) கேபிள் கார் நிலையம் 3,883 மீட்டரில் இருக்கிறது. 2023 முதல் அங்கிருந்து கேபிள் காரிலேயே எல்லை தாண்டி இத்தாலியின் செர்வினியா பக்கம் இறங்கலாம். ஆனால் அந்த உயரத்தில் தலைவலியும் மூச்சுத் திணறலும் சாதாரணம். வந்து இறங்கிய அன்றே போகாதீர்கள். இதய, நுரையீரல் தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும்.

சென்ட் மோரிட்ஸ் என்ற ஊரிலிருந்து செர்மாட்டுக்கு வரும் கிளேசியர் எக்ஸ்பிரஸ் ரயில் தனிக்கதை. 8 மணி நேரம், 291 பாலங்கள், 91 சுரங்கங்கள். பாஸ் இருந்தாலும் இருக்கை முன்பதிவுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். ஒரு முழு நாளை ஒதுக்க முடிந்தால் மட்டும் போங்கள்.

படி 8: பாதை அடைபட்டால்

ஒரே பாதை என்று முதலிலேயே சொன்னேன். 1991இல் ராண்டா என்ற ஊருக்கு மேலே மலைச்சரிவு இரண்டு முறை இடிந்து விழுந்து ரயில் பாதையை மூடியது, ஆற்றையும் மறித்தது. 2018 ஜனவரியில் கடும் பனிப்பொழிவாலும் பனிச்சரிவு அபாயத்தாலும் ரயிலும் சாலையும் நின்றுபோக, ஏறக்குறைய 13,000 பயணிகள் ஊருக்குள் மாட்டிக்கொண்டார்கள்; ஹெலிகாப்டரில்தான் சிலரை வெளியே கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு ஊருக்குள் ஆபத்து எதுவும் இல்லை, வெளியே வர வழிதான் இல்லை.

எனவே குளிர்காலத்தில் போகிறவர்கள் கிளம்பும் நாள் காலையில் ரயில் ஆப்பைத் திறந்து ஃபிஸ்ப் வரை பாதை ஓடுகிறதா என்று பாருங்கள். தினமும் சாப்பிடும் மருந்துகளை இரண்டு மூன்று நாளுக்குக் கூடுதலாக எடுத்து வையுங்கள். செர்மாட்டை ஒருபோதும் பயணத்தின் கடைசி இரவாக வைக்காதீர்கள். விமானத்துக்கு முந்தைய இரவு சூரிச்சிலோ ஜெனீவாவிலோ தங்குங்கள்.