வீட்டுக் கணினிக்கு ஆன்லைன் பேக்கப், அதாவது ஃபைல்களின் நகலை இணையத்தில் வைப்பது, தேவையா?

சினிமாவும் பாட்டும் மட்டும் இருந்தால் தேவையில்லை, திரும்ப இறக்கிக்கொள்ளலாம். குடும்ப போட்டோ, ஸ்கேன் செய்த பத்திரம் இருந்தால் கட்டாயம் தேவை. என் ஹார்ட் டிஸ்க் ஒருநாள் டக் டக் என்று சத்தம் போட்டது. மறுநாள் திறக்கவே இல்லை. அப்பா பேசிய ஒரே வீடியோ அதோடு போயிற்று. இன்னும் மனசு ஆறவில்லை.

பென் டிரைவ் நகல் போதாதா? கணினி பக்கத்திலேயே இருந்தால் வெள்ளத்திலோ திருட்டிலோ அதுவும் சேர்ந்தே போகும். கூகுள் கணக்கில் 15 ஜிபி இலவசம், ஜிமெயிலும் சேர்த்து. ஆவணங்களுக்குத் தாராளம். ஆனால் சிங்க் ஆகும் ஃபோல்டரில், அதாவது கணினியிலும் இணையத்திலும் தானாக ஒரே மாதிரி வைக்கப்படும் ஃபோல்டரில், எதையாவது அழித்தால் ஆன்லைனிலும் அழியும். அழித்தது கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் கிடக்கும். அதனால் எக்ஸ்டர்னல் டிஸ்கிலும் ஒரு நகல் வையுங்கள். அப்புறம், நகல் சரியாக இருக்கிறதா என்று அவ்வப்போது அதில் ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள்.