ஊர் நூலகத்துக்கும் பள்ளி நூலகத்துக்கும் அரசு உதவி பெறும் வழி: நெல்லை வட்டாரத்தாருக்கு ஒரு கையேடு

நெல்லைச் சீமையில் வீட்டுத் தீர்வை கட்டுகிற ஒவ்வொருவரும் நூலகத்துக்கும் சேர்த்தே கட்டுகிறார். 1948-இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டமாகும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் இடைவிடாத முயற்சி அதன் பின்னே இருந்தது. அச்சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. இப்போது அது ரூபாய்க்கு 10 காசு. அதாவது ஒருவர் 500 ரூபாய் வீட்டு வரி கட்டினால், அதற்கு மேல் 50 ரூபாய் நூலகத்துக்கென்று கட்டுகிறார். வசூலிக்கும் மாநகராட்சியோ, பேரூராட்சியோ, கிராம ஊராட்சியோ அந்தத் தொகையை, மாவட்டத்தின் பொது நூலகங்களைக் கவனிக்கும் மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் சேர்க்க வேண்டும். ஆகவே நூலகத்துக்காக மனு எழுதுகிறவர் தயங்க வேண்டியதில்லை. மனு உரிய அலுவலகத்துக்குப் போகிறதா என்பதே அவர் கவனிக்க வேண்டியது.

முதலில், உங்கள் ஊரிலுள்ள நூலகம் யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று பெயர்ப்பலகை இருந்தால் அது பொது நூலகத் துறையைச் சேர்ந்தது. அதற்குரியவர் மாவட்ட நூலக அலுவலர். அவரே ஆணைக்குழுவின் செயலருமாவார். அருகிலுள்ள கிளை நூலகரிடமோ, பாளையங்கோட்டையிலுள்ள மாவட்ட மைய நூலகத்திலோ கேட்டால் அவரை அணுகும் விவரம் கிடைக்கும். ஊராட்சி அலுவலகத்தின் பக்கத்தில் தனியாக நிற்கும் சிறு நூலகக் கட்டடம் என்றால், அது பெரும்பாலும் 2006 முதல் 2011 வரை நடந்த அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டப்பட்டதாக இருக்கும்; அதற்கு ஊராட்சியும் வட்டார வளர்ச்சி அலுவலரும் பொறுப்பு. பள்ளிக்குள் இருப்பது பள்ளிக் கல்வித் துறைக்குரியது. ஊராட்சி நூலகம் பூட்டிக் கிடக்கிறது என்று நூலகத் துறைக்கு எழுதினால், இது எங்களுடையதன்று என்ற பதில்தான் வரும். அதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் எழுந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. சுவரும் கூரையும் அலமாரியும் முன்னமே மக்கள் பணத்தில் அமைந்துவிட்டன. பூட்டியிருக்கும் ஒரு கட்டடத்தைத் திறக்க வைப்பது, புதிதாக ஒன்று கேட்பதைவிட எளிது என்பதால், உங்கள் ஊரில் அப்படி ஒன்று இருந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள். கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வரலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடும். கூட்டத்துக்குச் சில நாள்கள் முன்பே ஊராட்சிச் செயலரிடம் பொருளை எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது. கட்டடத்தைப் பழுது பார்த்தல், மின் இணைப்பு, திறந்து மூடப் பொறுப்பாளர் ஆகிய மூன்றையும் தனித்தனியே தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். “நூலகத்தைச் சீரமைக்க வேண்டும்” என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டால், யார் எதைச் செய்வது என்று எவருக்கும் தெரியாமல் போகும்.

நூலகமே இல்லாத ஊருக்குப் பகுதி நேர நூலகம் கேட்டுத் தொடங்குவதே நடைமுறைக்கு உகந்தது. வாடகையில்லாத இடம், சேரத் தயாராக இருக்கும் உறுப்பினர்கள், புரவலர்கள் ஆகியவற்றைத் துறை எதிர்பார்க்கும். ஊராட்சிக் கட்டடத்தையோ சமுதாயக் கூடத்தின் ஓர் அறையையோ ஒதுக்கித் தரும் தீர்மானத்தின் நகல், உறுப்பினராகச் சேர விரும்புவோரின் பெயர்ப்பட்டியல், அருகிலுள்ள நூலகம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது, அங்கே போகப் பேருந்து எந்தெந்த நேரத்தில் உண்டு என்ற குறிப்பு ஆகியவற்றை மனுவோடு இணையுங்கள். 1,000 ரூபாய் செலுத்தினால் எவரும் நூலகப் புரவலராகலாம். வெளியூரில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் இதற்கு மனமுவந்து முன்வருவார்கள்.

திறக்கும் நேரத்தையும் மனுவிலேயே குறிப்பிடுங்கள். முக்கூடல், மேலப்பாளையம் போன்ற பீடித் தொழில் ஊர்களில் பெண்கள் பகல் முழுவதும் இலை வெட்டுவதிலும் சுற்றுவதிலும் இருக்கிறார்கள். சுற்றிய பீடியைக் கடையில் கொடுத்துவிட்டு வந்த பிறகே அவர்களுக்குச் சற்று ஓய்வு. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளிலும் பலர் பகலில் வேலைக்குப் போகிறவர்கள். இவர்கள் எவரும் நுழைய முடியாத நேரத்தில் திறந்து மூடும் நூலகத்தால் ஊருக்கு என்ன பயன்?

மனுவை மாவட்ட நூலக அலுவலரிடம் கொடுத்து ஒப்புகை பெற்ற பின், திங்கள்கிழமைகளில் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் ஒரு பிரதியைக் கொடுத்து, மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 2019-இல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டதால் சங்கரன்கோவில், கடையநல்லூர்ப் பகுதியார் தென்காசி ஆட்சியரிடம் கொடுக்க வேண்டும். “நிதியில்லை” என்ற பதில் வந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் துணை நிற்கும். கடந்த மூன்று நிதியாண்டுகளில் எங்கள் ஊராட்சியில் வசூலான நூலக வரி எவ்வளவு, அதில் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்று மூன்றே கேள்விகளை 10 ரூபாய் கட்டணத்துடன் ஊராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம். நிலுவை இருப்பது எழுத்தில் வந்துவிட்டால், அதையே இணைப்பாக வைத்து அடுத்த மனுவை எழுதலாம்.

கட்டடத்துக்குப் பணம் திரட்ட வேறு வழிகளும் உண்டு. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியைக் கேட்கலாம். ‘நமக்கு நாமே’ திட்டத்தில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் தந்தால் மீதியை அரசு தரும். 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 7-ஆம் அட்டவணை, நிறுவனங்கள் சமூகப் பொறுப்பு நிதியில் செய்யத்தக்க பணிகளுள் பொது நூலகம் அமைப்பதையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. கூடங்குளத்தில் அணுமின் நிலையமும், ராதாபுரம் வட்டாரத்தில் காற்றாலைகளும், தாழையூத்தில் சிமென்ட் ஆலையும் இருக்கும் மாவட்டத்தில் இந்த வழியைக் கேட்காமல் விடுவது நமக்குத்தான் இழப்பு. பதிவு பெற்ற தொண்டு அமைப்புகள் நடத்தும் நூலகங்கள், 1972-இல் கொல்கத்தாவில் நிறுவப்பட்ட ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளையின் உதவிக்குப் பொது நூலக இயக்ககம் வழியாக விண்ணப்பிக்கலாம்.

பள்ளிக்கு வருவோம். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் செய்தித்தாள், இதழ்கள், எல்லாப் பாடங்களுக்குமான நூல்கள், கதைப் புத்தகங்கள் அடங்கிய நூலகம் இருக்க வேண்டும் என்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அரசுப் பள்ளி நூலகங்களுக்குப் பள்ளியின் நிலைக்கேற்ப ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை மானியத்துக்கு இடமுண்டு. பணமாக வராமல் புத்தகங்களாகவும் வரலாம் என்பதால், “பணம் எங்கே” என்று கேட்பதைவிட, “இந்த ஆண்டு எந்தப் புத்தகங்கள் வந்தன, இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா” என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் கேட்பதே சரி. அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பள்ளிக் கல்வித் துறையின் ‘வாசிப்பு இயக்கம்’ வழங்கிய நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு நிலைப் புத்தகங்களும் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களும் தலைமையாசிரியர் அறையின் பீரோவில் உறங்காமல் வகுப்பறைக் கொடியில் தொங்குகின்றனவா என்று பாருங்கள். கிழிந்த புத்தகத்துக்காக ஆசிரியரைக் கடிந்துகொள்ளாதீர்கள், கிழியும் அளவுக்குப் பிள்ளைகள் புரட்டியிருக்கிறார்கள்.

பாளையங்கோட்டையில் அரசு உதவி பெறும் பள்ளிகள் மிகுதி. மேற்சொன்ன நூலக மானியம் அரசுப் பள்ளிகளுக்கானது என்பதால், அப்பள்ளிகளின் பெற்றோர் தலைமையாசிரியர் கையொப்பத்துடன் வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளைப் பொது நூலக உறுப்பினராக்குவது நல்லது. உறுப்பினர் எண்ணிக்கை உயர்ந்தால், அந்த நூலகத்தைத் தரம் உயர்த்தக் கோரும் மனுவுக்கும் அது வலுச் சேர்க்கும்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் வெள்ளத்தை நினைவில் வையுங்கள். ஆற்றங்கரையையும் குளத்து மறுகாலையும் ஒட்டிய தாழ்வான இடம் இலவசமாகக் கிடைத்தாலும் ஏற்க வேண்டாம். அலமாரியின் அடித்தட்டு தரையிலிருந்து இரண்டடி உயரத்திலாவது இருக்கட்டும். நூலகம் திறந்தவுடன் வாசகர் வட்டம் அமைத்து, வேண்டிய நூல்களை வாசகர் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை நூல்கள் வீட்டுக்குப் போயின என்ற மாதக் கணக்கையும் நூலகரிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். பகுதி நேர நூலகத்தை ஊர்ப்புற நூலகமாக உயர்த்தக் கேட்கும் நாளில் மனுவோடு இணைக்க அந்தக் கணக்குத் தேவைப்படும்.