டிவி வாங்கப் போகிறீர்களா? முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

போன வருடம் வெள்ளவத்தை வீட்டில் அம்மாவின் 43 அங்குல டிவி திடீரென்று இருண்டுவிட்டது. சத்தம் வருகிறது, சீரியலில் யாரோ அழுவது தெளிவாகக் கேட்கிறது, திரை மட்டும் கறுப்பு. அறை விளக்கை அணைத்துவிட்டு போன் டோர்ச்சைத் திரைக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன், மங்கலாக உருவங்கள் அசைவது தெரிந்தது. அப்படித் தெரிந்தால் படம் ஒழுங்காக வருகிறது, பெரும்பாலும் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் எல்ஈடி பட்டிகள்தான் போயிருக்கும் என்று அர்த்தம் (உங்கள் வீட்டிலும் இப்படி நடந்தால் இதைச் செய்து பாருங்கள், டிவியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை). வாரண்டி இன்னும் முடியவில்லை என்பதால் வாங்கிய கடைக்குப் போனேன். அந்த பிராண்டை இப்போது வேறு ஆள் கொண்டுவருகிறார், பழைய சாமானுக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். பெட்டியில் இருந்ததோ சின்ன வயதிலிருந்து நாங்கள் கேட்டு வளர்ந்த ஒரு ஜப்பான் பெயர்.

கடைசியில் கொட்டாஞ்சேனையில் டிவி திருத்துகிற ஓர் அண்ணையிடம் போய் அந்தப் பெயரைச் சொன்னேன். "தம்பி, பேரை விடுங்கோ. பின் மூடியைக் கழற்றி பனலிலையும் போர்டிலையும் என்ன நம்பர் இருக்கெண்டு போட்டோ எடுத்து அனுப்புங்கோ" என்றார். கழற்றிப் பார்த்தால் உள்ளே அந்த ஜப்பான் பெயர் ஓரிடத்திலும் இல்லை. பனலின், அதாவது திரைத் தகட்டின், ஸ்டிக்கரில் எச்வி 430 என்று தொடங்கும் ஒரு நீள நம்பர், மெயின் போர்டின் ஓரத்தில் வெள்ளை எழுத்தில் இன்னொரு நம்பர், அவ்வளவுதான். அண்ணைக்கு அந்த இரண்டும் போதுமாக இருந்தன. பொருந்துகிற பட்டிகளைத் தேடிப் பிடித்துப் போட்டுத் தந்தார், அம்மா இன்றைக்கும் அதில்தான் பார்க்கிறார்.

அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. நாம் பெயருக்குத்தான் காசு கொடுக்கிறோம், அந்தப் பெயர் யாருடையது என்று ஒருவரும் சொல்வதில்லை. அதனால் தேடித் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன், அடுத்த டிவி வாங்குகிறவர்களுக்கு உதவும்.

முதலில் விஷயம் என்னவென்று பார்ப்போம். ஒரு டிவிக்குப் பின்னால் குறைந்தது மூன்று பேர் இருக்கலாம். பெயரின் சொந்தக்காரர் ஒருவர். அந்தப் பெயரை லைசன்ஸ் எடுத்து, அதாவது வாடகைக்கு எடுத்து, டிவியைச் செய்கிறவர் இன்னொருவர். அதை இலங்கைக்கு இறக்குகிறவர் மூன்றாமவர். சில வேளை பெயரை எடுத்தவருக்குத் தொழிற்சாலையே இருக்காது, சீனாவில் இன்னொருவரிடம் கொடுத்துச் செய்விப்பார், அப்போது நான்கு பேர். முகப்பில் நமக்குத் தெரிவது முதலாமவரின் பெயர் மட்டும்.

தோஷிபாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-இல் அந்தக் கம்பெனி வட அமெரிக்காவில் சொந்தமாக டிவி விற்பதை நிறுத்தி, பெயரைத் தைவானின் கொம்பல் கம்பெனிக்குக் கொடுத்தது. 2016-இல் ஐரோப்பாவுக்கான பெயர் துருக்கியின் வெஸ்டெலுக்குப் போனது. 2017 நவம்பரில் தோஷிபாவின் டிவி கம்பெனியில் 95 சதவீதத்தை ஏறத்தாழ 1,290 கோடி யென்னுக்கு வாங்குவதாகச் சீனாவின் ஹைசென்ஸ் அறிவித்தது, கூடவே அந்தப் பெயரை 40 வருடம் பயன்படுத்தும் உரிமையும். இரண்டு மூன்று வருடத்துக்குள் ஒரே பெயர், மூன்று கண்டம், மூன்று வேறு ஆட்கள்.

இது நம்மவர்களை நேராகப் பாதிக்கிற இடம் ஒன்று உண்டு. டிவி வாங்க நினைத்தவுடன் நாம் என்ன செய்கிறோம்? லண்டனில் இருக்கிற மாமாவிடமும் டொரொண்டோவில் இருக்கிற மச்சாளிடமும் கேட்கிறோம். "எங்கட வீட்டில அதுதான், ஏழு வருஷமா ஒரு பிரச்சினையும் இல்லை" என்று அவர்களும் நல்ல மனதோடு சொல்வார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான், ஆனால் அவர்கள் வீட்டில் இருப்பது வேறு தொழிற்சாலையில் வேறு ஆள் செய்த டிவி. பிலிப்ஸும் அப்படியே. வட அமெரிக்காவில் 2008 முதல் ஜப்பானின் ஃபுனாய் அந்தப் பெயரில் டிவி விற்றது. ஐரோப்பாவில் 2012-இல் டிபிவி என்ற கம்பெனி 70 சதவீதமும் பிலிப்ஸ் 30 சதவீதமுமாக டிபி விஷன் என்று ஒன்றைத் தொடங்கினார்கள், 2014-இல் மிச்சத்தையும் டிபிவி வாங்கிக்கொண்டது. ஃபுனாய் 2024 ஒக்டோபரில் வங்குரோத்தாகிவிட்டது. பிலிப்ஸ் என்ற பெயருக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஆகவே யூடியூபில் அமெரிக்காக்காரர் ஒரு மொடலைப் புகழ்கிறார் என்றால், முழு மொடல் நம்பரும் இங்கே கடையில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த வீடியோவால் உங்களுக்குப் பயனில்லை.

பெயரைக் கொடுத்தவர்களே பிறகு வருந்திய கதையும் உண்டு. 2015-இல் ஷார்ப் தன் மெக்சிகோ தொழிற்சாலையையும் அமெரிக்கக் கண்டங்களுக்கான டிவிப் பெயரையும் ஹைசென்ஸுக்குக் கொடுத்தது. அடுத்த வருடம் ஷார்ப்பைத் தைவானின் ஃபொக்ஸ்கொன் வாங்கியது. 2017-இல் ஷார்ப், தன் பெயரில் தரம் குறைந்த டிவிகளை விற்கிறார்கள் என்று ஹைசென்ஸ் மீது அமெரிக்காவில் வழக்குப் போட்டது. ஹைசென்ஸ் மறுத்தது, வழக்கு அடுத்த வருடம் மீளப்பெறப்பட்டது, 2019-இல் பெயர் ஷார்ப்பிடம் திரும்பியது. அந்த நான்கு வருடத்தில் வாங்கியவர்களின் டிவியில் இருந்த பெயர் மட்டும் மாறவேயில்லை.

சரி, கடைக்குப் போவோம். புறக்கோட்டையோ காலி வீதியோ, எங்கே போனாலும் முதலில் ஷோவுக்கு வைத்திருக்கும் டிவியின் பின்பக்கத்தைப் பார்க்கக் கேளுங்கள். சுவரில் மாட்டியிருந்தால் அட்டைப்பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள், பெட்டியின் அடிப்பக்கத்திலும் ஓரத்திலும்தான் சின்ன எழுத்து இருக்கும். போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், கண்ணை வருத்த வேண்டாம். நீங்கள் தேடுவது இரண்டு விஷயம். ஒன்று, இன்ன பெயர் இன்ன கம்பெனியின் வர்த்தகக் குறி, லைசன்ஸின் கீழ் பயன்படுத்தப்படுகிறது என்ற வரி. பிலிப்ஸ் டிவிகளின் கையேட்டில் இது மிகத் தெளிவாக இருக்கும். இந்தச் சாமானைச் செய்ததும் அதற்குப் பொறுப்பும் டிபி விஷன், வாரண்டி கொடுப்பதும் டிபி விஷன் என்று நேராகவே எழுதியிருப்பார்கள். இப்படி எழுதுகிற கம்பெனியை நான் மதிக்கிறேன், வாங்குகிறவருக்கு யாரைப் பிடிப்பது என்று தெரியும். இரண்டாவது, இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும். பெரும்பாலும் தனி ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். செய்தவர் பெயரும் இல்லை, இறக்கியவர் பெயரும் இல்லை, முகப்பில் பளபளவென்று பழைய பெயர் மட்டும் இருக்கிறதென்றால் அந்த டிவியை விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

எந்த நாட்டில் செய்தது என்ற வரியை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். அது கடைசியாகப் பூட்டிய இடத்தைச் சொல்லும், யார் வடிவமைத்தார், யார் பொறுப்பு என்பதைச் சொல்லாது.

அப்புறம் டிவியை ஓடவிட்டு செட்டிங்ஸில் 'டிவி பற்றி' என்ற பகுதிக்குப் போங்கள். மெனுவின் முகம் ஒரு துப்புத் தரும். விடா என்ற மென்பொருள் ஓடினால் அது ஹைசென்ஸ் வீட்டுச் சரக்கு. ஆனால் அதை மட்டும் வைத்து இது ஹைசென்ஸ் செய்த டிவி என்று சொல்லிவிட முடியாது, அவர்கள் அதை மற்ற பிராண்டுகளுக்கும் கொடுக்கிறார்கள். எல்ஜியும் 2021 முதல் தன் வெப் ஓஎஸ் என்ற மென்பொருளை வெளியாருக்குக் கொடுக்கிறது, ஆகவே எல்ஜி போலவே மெனு இருக்கிறது, உள்ளே எல்ஜிதான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆண்ட்ராய்டு என்றால் இன்னொரு கேள்வியும் கேளுங்கள். கூகுளின் அனுமதி பெற்ற கூகுள் டிவி அல்லது ஆண்ட்ராய்டு டிவியா, அல்லது யாரும் எடுத்து ஏற்றிக்கொள்ளக்கூடிய திறந்த ஆண்ட்ராய்டா? இரண்டும் ஒன்றில்லை. நெட்ஃபிளிக்ஸைத் திறந்து ஒரு படத்தை ஓடவிட்டுப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும், அனுமதி இல்லாததில் அது பெரும்பாலும் ஒழுங்காக ஓடாது.

ரிமோட்டையும் கையில் எடுத்துப் பாருங்கள். பக்கத்து டிவியின் ரிமோட்டும் பட்டனுக்குப் பட்டன் அதேபோல் இருந்து பெயர் மட்டும் வேறாக இருந்தால், இரண்டும் ஒரே ஆளிடமிருந்து வந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. புறக்கோட்டையில் ரிமோட் விற்கிறவர்களிடம் ஒரு தடவை பேசிப் பாருங்கள், பிராண்ட் பெயரைக் கேட்காமல் ரிமோட்டின் வடிவத்தைப் பார்த்தே எடுத்துத் தருவார்கள்.

பெயரின் சொந்தக்காரரைத் தேட வீட்டிலிருந்தே முடியும். உலகப் புலமைச் சொத்து அமைப்பின் இணையத்தளத்தில் வர்த்தகக் குறிகளைத் தேடும் பகுதி இலவசம். பிராண்டின் பெயரை அடித்தால் யார் பெயரில், எந்த நாட்டில், எந்த வகைச் சாமானுக்குப் பதிந்திருக்கிறார்கள் என்று வரும். பெயரின் சொந்தக்காரர் வேறு, டிவி செய்கிறவர் வேறு என்பதற்கு ஓர் உதாரணம்: புகைப்படச் சுருளால் உலகம் அறிந்த கொடக் 2012-இல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரிய கம்பெனி, இன்று இந்தியாவில் கொடக் டிவியைச் செய்வது நொய்டாவின் சூப்பர் பிளாஸ்ட்ரோனிக்ஸ். தோம்சன் டிவியும் அவர்கள்தான். இரண்டுக்கும் இடையில் எதை வாங்குவது என்று குழம்பி நிற்கிறவருக்கு இது தெரிந்தால் வேலை மிச்சம்.

திருத்துகிற அண்ணை எனக்குச் சொல்லித் தந்த பனல் எழுத்துகளையும் எழுதிவிடுகிறேன், வாரண்டி முடிந்து மூடியைக் கழற்றும் நாளில் உதவும். ஸ்டிக்கர் எச்வி என்று தொடங்கினால் பனலைச் செய்தது பிஓஈ என்ற கம்பெனி, எஸ்டி என்றால் டிசிஎல் குழுமத்தின் சிஎஸ்ஓடி, பிடி என்றால் எச்கேசி, எல்சி என்றால் எல்ஜி டிஸ்பிளே. எழுத்துக்குப் பிறகு வரும் 430 என்பது 43 அங்குலம், 550 என்றால் 55. பனல் செய்தவரும் டிவி செய்தவரும் ஒன்று என்று மட்டும் நினைக்க வேண்டாம். சாம்சங் டிஸ்பிளே 2022-இல் எல்சிடி பனல் செய்வதையே நிறுத்திவிட்டது, சாம்சங்கின் எல்சிடி டிவிகளுக்கும் பனல் வெளியிலிருந்துதான் வருகிறது. போர்டும் அப்படி, குவாங்சோவில் இருக்கும் சிவிடிஈ போன்ற கம்பெனிகள் போர்டை மட்டும் செய்து பல பிராண்டுகளுக்கு விற்கின்றன. வாரண்டி இருக்கும்போது மூடியில் கை வைக்க வேண்டாம், முத்திரை கிழிந்தால் அதையே காரணம் சொல்வார்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு லைசன்ஸ் பெயரில் வருவதெல்லாம் மோசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹைசென்ஸ் உலகத்தில் மிகப் பெரிய டிவிக் கம்பெனிகளில் ஒன்று, அவர்கள் செய்கிற தோஷிபா நல்ல டிவியாகவே இருக்கலாம். விலையைத்தான் பார்க்க வேண்டும். செய்தவர் யாரென்று தெரிந்ததும், அதே ஆள் தன் சொந்தப் பெயரில் விற்கும் அதே அங்குல டிவி, அதே வசதிகளோடு, எவ்வளவு என்று கேளுங்கள். கூடுதலாகக் கேட்கிற காசு பெயருக்கான வாடகை. அந்தக் காசுக்கு நீண்ட வாரண்டியோ கொழும்பில் சொந்த சேர்விஸ் சென்டரோ கிடைத்தால் கொடுங்கள்.

சிங்கரைப் பாருங்கள். 1851-இல் அமெரிக்காவில் தையல் மெசினுக்காகத் தொடங்கிய பெயர், 1877-இல் இலங்கைக்கு வந்தது, 2017-இலிருந்து இங்கே ஹேலீஸ் குழுமத்தின் கையில். அந்தப் பெயரில் டிவி வாங்குகிறவர் யாரும் தையல் மெசின்காரர் டிவி செய்கிறார் என்று நினைப்பதில்லை. ஊருக்கு ஊர் ஷோரூம் இருக்கிறது, பழுதானால் தூக்கிக்கொண்டு போகலாம் என்று வாங்குகிறார்கள். அது சரியான கணக்கு என்றுதான் நினைக்கிறேன்.

கடைசியில் காசு கொடுக்கும் முன் கடைக்காரரிடம் நேராகக் கேளுங்கள். "நானா, இதை இறக்குறது யாரு? வாரண்டி அட்டையில யாருட சீல் இருக்கு? நாளைக்கு அவங்க இந்த பிராண்டை விட்டா நான் எங்க போறது?" மூன்றாவது கேள்வியை நான் அன்றைக்குக் கேட்கவில்லை. வாரண்டி அட்டையில் இறக்குமதியாளரின் சீலும், பில்லில் முழு மொடல் நம்பரும் தொடர் இலக்கமும் இருக்க வேண்டும், வெறுமனே '43 அங்குல டிவி 1' என்று எழுதித் தந்தால் திருப்பிக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். வாரண்டி எத்தனை வருடம் என்பதோடு பனலுக்கு எத்தனை, மற்றப் பாகங்களுக்கு எத்தனை என்று தனித்தனியாகக் கேளுங்கள். பிறகு தட்டிக் கழித்தால் 1977-க்கு அழைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம், அப்போது கையில் இருக்க வேண்டியது இந்த பில்தான். பில்லின் எழுத்து ஒரு வருடத்தில் மங்கிப் போகும், அன்றைக்கே போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள், பின்பக்க ஸ்டிக்கரையும் சேர்த்து, டிவியைச் சுவரில் மாட்டுவதற்கு முன்பு.