ரிப்போர்ட் நார்மல், உடம்பு மட்டும் சரியில்லை: நாள்பட்ட அசதிக்கும் வலிக்கும் காரணம் தேடுவோர் செய்யும் தவறுகள்

“என்னம்மா பண்ணுது?”

“ஒரே அசதியா இருக்கு டாக்டர். கை காலெல்லாம் ஓஞ்சு போகுது.”

இந்தப் பதிலுக்குச் சீட்டில் ஏறுவது அநேகமாக ஒரு சத்து மாத்திரை, ஒரு வலி மாத்திரை, வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்காமலிருக்க ஒரு கேஸ் மாத்திரை. ஒரு மாதம் கழித்தும் அதே பதில், அதே சீட்டு. அப்புறம் அடுத்த டாக்டர், அப்புறம் ஸ்கேன், கடைசியில் ‘எல்லாம் நார்மல், டென்ஷன்தான்’. இதில் டாக்டர்களின் பங்கும் உண்டு. நெரிசலான ஓ.பி.யில் கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படாமல் போகிறது. அதை நோயாளியால் மாற்ற முடியாது. ஆனால் பாதித் துப்பு டாக்டரிடம் போய்ச் சேருமுன்பே வீட்டிலும் மருந்துக்கடையிலும் அழிந்துவிடுகிறது. அதை நிறுத்தலாம்.

‘அசதி’ என்று மட்டும் சொல்வது

அசதி ஒரே சொல்தான், அதற்குள் குறைந்தது ஐந்து விஷயங்கள் இருக்கின்றன. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால் யோசிக்க வேண்டியது இரத்தசோகை, இதயம், நுரையீரல். பஸ்ஸில் உட்கார்ந்த உடனே தூங்கிவிடுகிறேன் என்றால் தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயைத் தேட வேண்டும். கூடப் படுப்பவரிடம் குறட்டையைப் பற்றிக் கேட்க வேண்டும். அலர்ஜி மாத்திரையும் இதே வேலையைச் செய்யும். தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை, கொடியில் துணி போடக் கை தூக்க முடியவில்லை என்பது தசையின் பலவீனம். அதற்கு சி.பி.கே. (தசை சேதத்தைக் காட்டும் இரத்த டெஸ்ட்), தைராய்டு, வைட்டமின் டி பார்க்க வேண்டும். கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் கேட்க வேண்டும். எதிலும் மனசே போகவில்லை என்பது மனச்சோர்வாக இருக்கலாம்.

ஐந்தாவதுதான் அதிகம் தவறவிடப்படுவது. இன்று வீடு கழுவினால் இன்று ஒன்றும் தெரியாது, நாளையும் நாளை மறுநாளும் படுக்கை; தூங்கி எழுந்தாலும் களைப்பு தீர்வதில்லை. உழைப்புக்குப் பிந்தைய இந்தச் சரிவு 6 மாதத்துக்கு மேல் நீடித்து, வேறு காரணமும் கிடைக்காவிட்டால், நாள்பட்ட களைப்பு நோய் என்ற பக்கம் பார்க்க வேண்டும். இவர்களிடம் ‘தினம் கொஞ்சம் கூட்டிக்கூட்டி நடங்க’ என்பது பழைய யோசனை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அந்தப் படிப்படியான உடற்பயிற்சி முறையை இந்நோய்க்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. சரிவைச் சொல்லாமல் அசதியை மட்டும் சொன்னால், நல்ல டாக்டர்கூட நடக்கத்தான் சொல்வார்.

ஆறு மாத டைரியை யாரும் படிக்கப்போவதில்லை. ஒரே பக்கம் போதும். இப்படி:

‘மார்ச் முதல் அசதி. அதற்கு முன் பிப்ரவரி கடைசியில் 5 நாள் காய்ச்சல். காலையில் விரல் மடக்க 1 மணி நேரம் ஆகிறது. மாதவிடாய் 7 நாள், முதல் 2 நாள் தலா 6 நாப்கின். எடை 61 கிலோ, இப்போது 57. சாப்பாட்டைக் குறைக்கவில்லை. முன்பு பஸ் ஸ்டாப் வரை நடப்பேன், இப்போது பாதியில் உட்காருகிறேன். மாத்திரைகள் பின்பக்கம்.’

இந்தச் சின்னத் தாளில் மூன்று வழிகள் திறக்கின்றன. காலை விறைப்பு அரை மணியைத் தாண்டினால் மூட்டு அழற்சியைத் தேட வேண்டும். மாதவிடாய்க் கணக்கு இரும்புச்சத்துக் குறைவைப் பார்க்கச் சொல்கிறது. முயற்சி இல்லாமல் 6 முதல் 12 மாதத்துக்குள் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் காரணம் தெரியும்வரை விடக்கூடாது. இங்கே 61-இல் 4 கிலோ, அதாவது ஆறரை சதவீதம். ‘ஒரே அசதியா இருக்கு’ என்ற பதிலில் இந்த மூன்றுமே இல்லை.

நம் ஊரில் ‘உள்காய்ச்சல்’ என்ற சொல்லும் இப்படித்தான். தொட்டுப் பார்த்துச் சொல்வதை எந்த டாக்டரும் கணக்கில் எடுப்பதில்லை. டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி ஒரு வாரம் காலை, மதியம், மாலை, இரவு என நான்கு வேளை எழுதுங்கள். பாராசிட்டமால் போட்ட நேரத்தையும் பக்கத்தில் குறியுங்கள். தினம் மாலையில் 100.4 டிகிரியைத் தொடுகிறது, இரவில் வேர்த்து நனைகிறது என்று தாளில் இருந்தால் யாரும் தட்டிக்கழிக்க முடியாது. உள்ளே சுடுவதுபோல் இருக்கிறது, தெர்மாமீட்டரோ 98 காட்டுகிறது என்றால் அதுவும் ஒரு செய்திதான்.

பரிசோதனைக்கு முன்பே அதைக் கெடுப்பது

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுவோர் இன்று ஏராளம். ஒரு நாளைக்குத் தேவையான பயோட்டின் ஏறக்குறைய 30 மைக்ரோகிராம். முடி மாத்திரையில் இருப்பது 5 அல்லது 10 மில்லிகிராம், அதாவது நூறு மடங்குக்கும் மேல். பல லேப் மெஷின்களில் இது டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவைக் குறைத்தும், டி4 என்ற தைராய்டு ஹார்மோனைக் கூட்டியும் காட்டும். தைராய்டு அதிகம் சுரப்பதாக ரிப்போர்ட் வரும், ஆளுக்கோ ஒன்றும் இருக்காது. மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் டெஸ்ட்டைக்கூட இது பொய்யாகக் குறைத்துக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் எச்சரித்தது. டெஸ்ட்டுக்குக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்துங்கள், லேபிலும் சொல்லுங்கள்.

தைராய்டு மாத்திரை சாப்பிட்டும் அசதி போகவில்லை என்பவர்களில் பலர் அதை ஃபில்டர் காபியோடு விழுங்குகிறார்கள். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகள் 4 மணி நேரம் தள்ளி. டோஸ் மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும்; 10 நாளில் பார்த்து மறுபடி டோஸை மாற்றினால் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டேயிருக்கும்.

கோதுமையால்தான் வயிறு கெடுகிறது என்று சந்தேகப்பட்டு முதலிலேயே சப்பாத்தியை நிறுத்திவிடுவார்கள். கோதுமையின் குளூட்டன் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய்க்கான டி.டி.ஜி. இரத்த டெஸ்ட் கோதுமை உணவில் இருக்கும்போதுதான் சரியாகக் காட்டும். நிறுத்திவிட்டால் மறுபடி பல வாரம் சாப்பிட்டுவிட்டுத்தான் டெஸ்ட் எடுக்க வேண்டிவரும்.

எல்லாவற்றிலும் மோசமானது மருந்துக்கடையில் காகிதத்தில் மடித்துத் தரும் ‘செட்’ மாத்திரை. மூட்டுவலிக்கு இரண்டே நாளில் அதிசயமாகக் கேட்டால் அதில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். வீக்கம் அடங்கும், நோயின் அடையாளம் மறையும், உள்ளே மூட்டு அரிப்பது நிற்காமல் நடக்கலாம். முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். சில வாரங்களுக்கு மேல் சாப்பிட்டவர் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்துவது இன்னொரு ஆபத்து: உடம்பு தன் ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும், பிரஷர் இறங்கி மயங்கி விழலாம். டாக்டரிடம் ‘என்ன மாத்திரைன்னு தெரியாது, செட்டு’ என்று ஒப்புக்கொண்டு, படிப்படியாகக் குறைக்கும் கணக்கை வாங்குங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் அவர் கண்ணைக் கட்டிவிட்டு வைத்தியம் கேட்பதுபோல.

இருமல் 2 வாரம் தாண்டியும் கடையில் ஓஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வாங்கிப் போடுவதும் இதே வகை. இவை காசநோய்க் கிருமியைத் தற்காலிகமாக அடக்கும், சளியில் பிடிபடாமல் தள்ளிப்போடும். சளியில் காசநோய்க் கிருமியைத் தேடும் ட்ரூநாட், சிபிநாட் மூலக்கூறு பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசம். முதலில் சளியைக் கொடுங்கள். இரத்தத்தில் எதிரணுவை வைத்து டிபி கண்டுபிடிக்கும் கிட்களை மத்திய அரசு 2012-லேயே தடைசெய்தது.

டைபாய்டுக்கு எடுக்கும் வைடால் இரத்த டெஸ்ட்டும் அப்படியொன்று. ஒரே ஒருமுறை ‘பாசிட்டிவ்’ வந்ததை வைத்து வருஷத்துக்கு மூன்றுமுறை டைபாய்டு வந்தவர்கள் நம் தெருவிலேயே இருப்பார்கள். பழைய தொற்றோ தடுப்பூசியோ வேறு காய்ச்சலோகூட அதைப் பாசிட்டிவாக்கும். டைபாய்டா என்று தெரிய ஆன்டிபயாடிக் தொடங்குமுன் பிளட் கல்ச்சர் எடுக்க வேண்டும்.

‘நார்மல்’ என்ற சொல்லை நம்புவதும், சிவப்பு எழுத்தைக் கண்டு பயப்படுவதும்

மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் சாதாரணமாக இருப்பது இரத்த எண்ணிக்கை, சர்க்கரை, கொலஸ்ட்ரால், சிறுநீரகம், கல்லீரல், டி.எஸ்.எச். இவை நார்மல் என்றால் இவை நார்மல், அவ்வளவுதான். பலவற்றில் உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இருக்காது. பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 இருந்தால் இரத்தசோகை இல்லை என்று எழுதிவிடுவார்கள், ஆனால் அந்தக் கையிருப்பு அதற்கு முன்பே காலியாகியிருக்கலாம். ஃபெரிட்டின் 15-க்குக் கீழே போனால் பற்றாக்குறை என்கிறது உலக சுகாதார நிறுவனம்; பல டாக்டர்கள் 30-ஐயே எல்லையாக வைக்கிறார்கள். காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறும், அதனால் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. இரும்பு மாத்திரை தொடங்கியவர்கள் ஹீமோகுளோபின் ஏறியதும் நிறுத்திவிடுகிறார்கள். கையிருப்பு நிரம்ப அதற்குப் பிறகும் ஏறக்குறைய 3 மாதம் வேண்டும். டீ, காபி அதனோடு கூடாது.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், வயிற்றுக்கு பான்டோப்ரசோல் இரண்டையும் வருடக்கணக்கில் போடுகிறவர் காலில் எரிச்சல், மரமரப்பு என்றால் ‘சுகர் நரம்பு’ என்று முடித்துவிடாமல் பி12 பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மருந்துமே பி12-ஐக் குறைக்கும். இரும்புப் பற்றாக்குறை இருந்தால் எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) சற்றுக் கூடுதலாகக் காட்டலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

மறுபக்கம் இது. லேப் எல்லை என்பது ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதத்தினருக்குள் இருக்கும் அளவு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், முழு ஆரோக்கியமானவருக்கும் ஏதாவது ஒன்று எல்லை தாண்ட 64 சதவீத வாய்ப்பு உண்டு. உடம்பு தன்னையே தாக்கும் நோய்களைத் தேடும் ஏ.என்.ஏ. டெஸ்ட் 1:40 அளவில் பாசிட்டிவ் என்பது நோயில்லாதவர்களிலும் நாலு பேரில் ஒருவருக்கு மேல் வரும். அதைக் கூகிளில் போட்டு, அந்த வகை நோயான லூபஸ் என்று இரவு முழுக்கத் தூங்காமல் இருக்க வேண்டாம். டாக்டரிடம் ‘எனக்கு லூபஸ்னு நெனைக்கிறேன்’ என்று தொடங்குவதைவிட, ‘லூபஸ் இல்லைன்னு எதை வெச்சு சொல்லலாம் டாக்டர்?’ என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

குறைபாடு தெரிந்தபின் அளவு மீறுவோரும் உண்டு. வைட்டமின் டி 60,000 யூனிட் சாஷே வாரம் ஒன்று, வழக்கமாக 8 வாரம். அதைத் தினம் ஒன்றாகச் சாப்பிட்டால் கால்சியம் ஏறி, தீராத தாகம், வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். புதிதாக ஓர் அசதியும் சேரும்.

மூலிகைதானே என்று சொல்லாமல் விடுவதும் வேண்டாம். சீந்தில் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் பாதித்ததாக மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள், ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. யார் சொல்வது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். உங்கள் கல்லீரல் ரிப்போர்ட்டைப் படிப்பவருக்கு நீங்கள் குடிக்கும் கஷாயம் தெரிய வேண்டும்.

‘டென்ஷன்’ என்றதும் எழுந்து வந்துவிடுவது

டென்ஷன் என்றவுடன் கோபித்துக்கொண்டு வெளியே வருவது, அல்லது தலையாட்டிவிட்டு மாத்திரையைக் குப்பையில் போடுவது, இரண்டுமே நஷ்டம். மனச்சோர்வு உண்மையான நோய், வலியை உண்மையாகவே கூட்டும். உடல்நோயோடு சேர்ந்தும் இருக்கும். அதே அறையில் உட்கார்ந்தபடி மூன்று கேட்கலாம்: “வேற எதெல்லாம் யோசிச்சீங்க டாக்டர்? அதுல எது இன்னும் விலக்கப்படல? இந்த மாத்திரையில கேக்கலைன்னா எத்தனை வாரத்துல திரும்ப வரட்டும்?” இதற்குக் கோபப்படுகிறவரிடம் மறுபடி போக வேண்டியதில்லை.

படபடப்பு, தலைசுற்றல் எல்லாம் எழுந்து நிற்கும்போதுதான் வருகிறது என்றால் வீட்டிலேயே ஒரு கணக்கு எடுக்கலாம். பிரஷர் மெஷினைக் கையில் கட்டி 10 நிமிடம் படுங்கள், பிரஷரையும் நாடியையும் எழுதுங்கள். எழுந்து நின்று 2, 5, 10-ஆவது நிமிடங்களில் எழுதுங்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும், கண் இருட்டினால் உடனே படுத்துவிடுங்கள். பிரஷர் பெரிதாக இறங்காமல் நாடி மட்டும் 30 அல்லது அதற்கு மேல் கூடி அப்படியே நின்றால் (12 முதல் 19 வயதினருக்கு 40) அது பாட்ஸ் எனப்படும் கோளாறாக இருக்கலாம். இரத்தசோகை, நீர்ச்சத்துக் குறைவு, தைராய்டு ஆகியவையும் இதைச் செய்யும் என்பதால் முடிவை டாக்டரிடம் விடுங்கள், எண்களைக் கொண்டுபோங்கள். மாதவிடாய் வலியில் சுருண்டு படுப்பவருக்கு ஸ்கேன் நார்மல் என்பதும் முடிவான பதில் கிடையாது. எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்படலம் போன்ற திசு வெளியே வளரும் நோய்) சாதாரண ஸ்கேனில் தெரியாமல் போகலாம்.

ஆனால் நெஞ்சை அழுத்தும் வலி, ஒரு பக்கக் கை கால் திடீரென விழுவது, பேச்சுக் குழறுவது, இரத்த வாந்தி, கருப்பு மலம் இவற்றுக்குத் தாள் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. 108.

ஒவ்வொரு டாக்டரிடமும் பூஜ்யத்திலிருந்து தொடங்குவது

முழங்கால் வலிக்கு எலும்பு டாக்டர், படபடப்புக்கு இதய டாக்டர், எரிச்சலுக்கு நரம்பு டாக்டர் என்று தானாகப் பிரித்துக்கொண்டு போனால், மூன்றையும் சேர்த்துப் பார்ப்பவர் யாரும் இருக்க மாட்டார். முதலில் பொது மருத்துவம் படித்த எம்.டி. ஒருவர்; அவர் அனுப்பினால் மற்றவர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பொது மருத்துவப் பிரிவு இதற்குத்தான் இருக்கிறது. காலையில் சீக்கிரம் போக வேண்டும், நிற்க வேண்டும், ஆனால் பேராசிரியர் வரை ஒரே சீட்டில் போகலாம்.

டாக்டரை மாற்றுவதில் தப்பில்லை, பழையதை ஒளித்துவைப்பதில்தான் தப்பு. ‘புதுசா பாக்கட்டும்’ என்று பழைய ரிப்போர்ட்டை வீட்டில் விட்டால் அதே டெஸ்ட்டுக்கு மறுபடி பணம் கட்டுவீர்கள். தேதி வரிசையில், புதியது மேலே இருக்கும்படி ஒரே ஃபைலில் போடுங்கள். ஒரு பெண்ணின் இரண்டு வருட ஹீமோகுளோபின் 13.5, 12.8, 12.1 என்று இறங்குவதை எந்தத் தனி ரிப்போர்ட்டும் காட்டாது, மூன்றுமே ‘நார்மல்’. அட்மிட் ஆனவர் கேஸ் ஷீட் நகலை எழுதிக் கேட்கலாம். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அந்தப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டிய காலம் 3 வருடம்தான் என்பதால் தள்ளிப்போட வேண்டாம். பயாப்ஸி (திசுத் துணுக்குப் பரிசோதனை) எடுத்திருந்தால் ஸ்லைடும், திசுவைப் பதித்த மெழுகு பிளாக்கும் கேட்டு வாங்கலாம், இன்னொரு நிபுணர் அதையே திரும்பப் பார்ப்பார். ஸ்கேனுக்குத் தாள் ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்கள் பதிந்த சி.டி. (குறுந்தட்டு) வேண்டும். ஈ.சி.ஜி. பெரும்பாலும் சூடுபட்டால் கருக்கும் தாளில்தான் அச்சாகிறது. சில வருடத்தில் கோடு மங்கிவிடும், லேமினேட் செய்தால் அன்றே கருப்பாகிவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து, ஒரு ஜெராக்ஸும் போட்டு, அதை ஃபைலில் வையுங்கள்.