ஜோடி சேர்க்கும்போது யாரும் மிஞ்சாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

"ரெண்டு ரெண்டு பேராச் சேருங்க" என்றதும் வகுப்பே கலகலவென்று எழும். அந்தச் சத்தத்தில் யாரும் கூப்பிடாத பிள்ளை குனிந்து, அவிழாத ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டும். ஐந்தாம் வகுப்பில் அப்படி லேஸ் கட்டியவள் நான். இப்போது ஆசிரியை. அந்த வாக்கியத்தை என் வகுப்பில் சொல்வதே இல்லை.

யார் யாரோடு என்பதை முந்தின நாளே எழுதிவிடுங்கள். 31 பேர் என்றால் 14 ஜோடி, மூன்று பேர் கொண்ட குழு ஒன்று. மூவர் பெயரும் பட்டியலிலேயே சேர்ந்து இருக்க வேண்டும். கடைசியில் மிஞ்சிய பிள்ளையைக் காட்டி, "இவளையும் யாராவது சேர்த்துக்கங்க" என்று கேட்பதைவிடப் பெரிய வலி வேறு இல்லை. காலையில் யாராவது வரவில்லையென்றால் வாசிப்பதற்கு முன்பே பட்டியலைத் திருத்துங்கள்.

வரிசையாக நிற்கவைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பிரிப்பது பலரின் வழக்கம். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், கணக்குப் போட்டு நைசாக இடம் மாறிவிடுவார்கள். வகுப்புக்குள் நுழையும்போதே கையில் எண் சீட்டைக் கொடுத்துவிடுங்கள்.

விளையாட்டில் இரண்டு கேப்டன்கள் மாறி மாறி ஆள் எடுப்பது வேண்டவே வேண்டாம். அணிகளை நீங்களே சமமாகப் பிரித்து, பெயர்களை அகர வரிசையில் வாசியுங்கள். கேப்டனை அதற்குப் பிறகு அணியே முடிவு செய்யட்டும்.

"இவனோடயா?" என்று முகம் சுளிக்கும் பிள்ளையை எல்லார் முன்னாலும் கண்டிக்காதீர்கள், அப்போது எல்லார் கண்ணும் 'இவன்' மேல்தான் போகும். அப்புறம் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். "இந்த ஜோடி வெள்ளிக்கிழமை வரைக்கும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் முணுமுணுப்பு பாதி குறைந்துவிடும்.

சரி, சேர்த்தாயிற்று. ஆனால் குழுவுக்குள்ளேயும் ஒதுக்குவார்கள்: "நீ சார்ட்டை மட்டும் பிடிச்சுக்கோ." இதற்கு நான் நம்புவது ஜிக்சா முறையை. 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், இனவாரியாகப் பிரிந்திருந்த பிள்ளைகள் ஒரே வகுப்புக்கு வந்து பகை மூண்டபோது, உளவியலாளர் எலியட் அரோன்சன் குழுவினர் உருவாக்கியது. பாடத்தைத் துண்டு துண்டாக்கி ஆளுக்கு ஒன்று கொடுக்க வேண்டும். ஒரு குழுவுக்குள் ஒருவரிடம் இருப்பது மற்றவரிடம் இருக்காது. வெவ்வேறு குழுக்களில் ஒரே துண்டைப் பெற்றவர்கள் முதலில் கூடிப் படித்துவிட்டு, தங்கள் குழுவுக்குத் திரும்பிச் சொல்லித்தர வேண்டும். வாயே திறக்காத பிள்ளைக்கு இந்த ஒத்திகை ரொம்ப முக்கியம்.

தாவரப் பாடத்தை வேர், தண்டு, இலை, பூ, விதை என்று ஐந்தாகப் பிரித்தேன். எப்போதும் தனியாக உட்காரும் ஒரு சிறுமிக்கு இலை வந்தது. இலையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு என்று தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டாள். எதிரே இருந்தவன் பென்சிலை நோட்டில் ஊன்றியபடி கேட்டான், "ம்… அப்புறம்?"